வரிக்கொரு டிங்

"இந்தக் கரச்சல இன்னைக்கே நிப்பாட்டு பிள்ள. இல்லாட்டி போனத் தூக்கி ஆத்துல வீசிருவேன்."

சர்ச் ஹாலில் அத்தனை பேர் முன்னாலும் தேவதாசன் சத்தம் போட்டார். நிரோஷாவுக்கு முகம் சுண்டிப் போனது.

தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்த றப்பர் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் தொழிலாளருக்கு மண்சரிவு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு அவள் செய்தது. கணினித் திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுத்து மாட்டினால் போதும். மழை கூடியதும் எல்லாருடைய போனுக்கும் தானாகச் செய்தி போய்விடும். "புரோகிராம் எழுதவே தேவையில்ல, யாரும் செய்யலாம்" என்று தோட்டத்துக் கமிட்டிக்கு அவளே பெருமையாகச் செய்து காட்டியிருந்தாள்.

அந்தப் பெருமை வரி பிரிக்கிற இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

மழை கூடிவிட்டது, மேட்டு லயத்தார் வெளியேறவும், சர்ச் ஹாலுக்கு வரவும் என்று வரிக்கு வரி எண்டர் தட்டி அழகாகத்தான் அடித்தாள். போனில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகப் போனது. அதைத் திருத்தினால், எண்டர் தட்டிய இடத்திலெல்லாம் ஒரு சாய்ந்த கோடும் ஒரு இங்கிலீஷ் எழுத்தும் வந்து உட்கார்ந்தன.

"இது யாரோட இனிஷியல் பிள்ள?" என்று தேவதாசனின் மனைவி மெட்டில்டா அப்பாவியாகக் கேட்டாள்.

தலையைப் பிய்த்துக்கொண்டு அதையும் சரிக்கட்டினாள். ஒரே செய்தி, உள்ளே வரி வரியாக. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த மழைக்குப் போன்கள் அலறின. டிங், டிங், டிங், டிங். ஒவ்வொரு வரியும் தனித்தனிச் செய்தியாக வந்து விழுந்தது. திறந்து பார்த்தால், அவள் வைக்காத பெட்டி ஒன்று நடுவில் குந்தியிருந்தது. வரிக்கு வரி வெட்டி அனுப்புகிற பெட்டி.

கழற்றிப் போட்டாள். அடுத்த மழைக்குத் திரும்ப வந்தது. மறுபடி கழற்றினாள். மறுபடி வந்தது.

பாஸ்வேர்ட் மூன்று பேரிடம்தான் இருந்தது. அவளிடம், தினமும் மழை அளந்து பதிகிற தேவதாசனிடம், அவிசாவளையில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் கமிட்டிக்காரன் ரொபர்ட்டிடம். தேவதாசனோ ஊரைக் கூட்டி ஏசுகிறவர். மிச்சம் யார்?

"ரொபர்ட் அண்ணே, எதுக்கு என் வேலையில கை வைக்கிறீங்க?"

"அனே ஐயோ, எனக்குக் கடையப் பாக்கவே நேரமில்ல. சும்மா ஆள் மேல பழி போடாத" என்றவன், அன்றைக்கே கமிட்டி குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான்.

இப்போது ஹாலில் இந்த ஏச்சு வேறு. வீட்டுக்கு வந்த கையோடு நிரோஷா பெட்டியைக் கழற்றி, பாஸ்வேர்டையும் மாற்றினாள். "இனி ஒரே ஒரு டிங்தான்" என்று குரூப்பில் போட்டாள். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. முதல் விரல் தேவதாசனுடையது.

பின்னேரம் வானம் கறுத்தது. குடையை மடக்கிக்கொண்டு தேவதாசன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பிள்ள, புது பாஸ்வேர்ட் என்ன?"

"மழ அளவ எனக்கு அனுப்புங்க மாமா. நானே போட்டுக்கிறேன்."

"அதுக்கில்ல." அக்கம்பக்கம் பார்த்தார். "அந்த வெட்டுற பெட்டிய மாட்டணும். பெரிய மழ வருது."

நிரோஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களா? செய்றதையும் செஞ்சிட்டு, காலையில என் மானத்தையும் வாங்குனீங்களே. ரொபர்ட் அண்ணே மூஞ்சியில இனி நான் எப்பிடி முழிக்கிறது?"

"நான் ஏசாட்டி என் மேல சந்தேகம் வந்துருமே."

"உங்களுக்கு என்ன பைத்தியமா மாமா?"

"ஜெயம்மாவுக்குக் காது சுத்தமாப் போச்சு பிள்ள. பேக்டரியில றப்பர் மெஷின்கிட்ட நின்னு நின்னு போனது. போன இடுப்புல சொருகி வச்சிருக்கா. ஒருக்கா அதிர்ந்தா ஏதோ விளம்பரம்னு விட்டுருவா. விடாம அதிர்ந்தாத்தான் எடுத்துப் பாக்குறா."

ஜெயம்மா அவருடைய கூடப்பிறந்த அக்கா. மேட்டு லயத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பரா. அப்பாவின் செத்த வீட்டில் மூண்ட சண்டையோடு இருவரும் முகம் பார்ப்பதை விட்டுவிட்டது தோட்டத்துக்கே தெரியும்.

"செவத்துக்கு அந்தப் பக்கந்தானே இருக்காங்க? போய்க் கூப்பிட்டா என்ன?"

"போன ஐப்பசியில போனேன். என்னையக் கண்டதும் கதவச் சாத்திக்கிட்டு உள்ளுக்கே குந்திட்டா. மண்ணு அவ குசினிச் செவரு வரைக்கும் வந்து நின்னுச்சு."

நிரோஷாவின் கோபம் இறங்கிவிட்டது. "அவங்க நம்பருக்கு மட்டும் தனியாக் கம்பி இழுத்துறவா மாமா? மத்தவங்களுக்கு ஒரு டிங் போதுமே."

"ஐயோ வேணாம். தனக்கு மட்டும் இப்பிடி வருதுன்னா யாரு செஞ்சதுன்னு தோண்டுவா. என் பேரு வந்துச்சோ, போன அணைச்சு வச்சிட்டு அங்கனயே கெடப்பா. ஊருக்கே கரச்சல் குடுத்தாத்தான் பிள்ள அவ உசுரோட எறங்கி வருவா."

நிரோஷா கணினியைத் திறந்து, கழற்றிப் போட்ட பெட்டியை நடுவில் வைத்துக் கம்பியை மாட்டினாள். பிறகு சொன்னாள்:

"இனிமே ஹால்ல என்னைய ஏசுறப்ப கையையும் நல்லா ஆட்டி ஏசுங்க மாமா. ஜெயம்மா பெரியம்மாவுக்குக் காது கேக்காதுல்ல."