சிவப்பு வண்டியின் லாக்

"இது அவ வேலைதான். வேற யாரும் இல்ல."

சொன்னவள் கையில் அவளுடைய மடக்கு சைக்கிள் இரண்டாகத் தொங்கியது. நடுவில் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிற லாக்கைக் காணோம். திருடன் வந்திருந்தால் வண்டியையே தூக்கிக்கொண்டு போயிருப்பான். லாக்கை மட்டும் கழற்ற வஞ்சம் பிடித்த மனசு வேண்டும். அப்படி ஒரு மனசு எதிர் வீட்டிலேயே குடியிருந்தது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடை அது. அதில் இரண்டு சைக்கிள் நிற்பது ஆரம்பத்திலிருந்தே எதிர் வீட்டம்மாவின் கண்ணை உறுத்தியது. கிரீஸ் துணியில் ஒட்டுகிறது, நடக்க வழியில்லை என்று தினம் ஒரு பாட்டு. போன மாதம் பேச்சு தடித்து, இந்தப் பழைய இரும்பை ஒருநாள் தூக்கித் தெருவில் எறிகிறேனா இல்லையா பார் என்றுகூடச் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

பழைய இரும்புதான், யார் இல்லை என்றது? யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டு விற்ற வண்டிகள். இரண்டும் ஒரே மாடல். சிவப்பு அவளுக்கு, நீலம் அவள் கணவனுக்கு. ஸ்டேஷன் வரை ஓட்டி, மடக்கி ரயிலில் ஏற்றி, இறங்கியதும் விரித்து ஓட்டி, அவள் பல் டாக்டர் கிளினிக்குக்கும் அவன் இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் போவார்கள்.

வாங்கிய நாளிலிருந்து யோகம் நீல வண்டிக்குத்தான். புது கியர், புது சீட், புது டயர். ஞாயிற்றுக்கிழமையானால் அவன் நடையில் உட்கார்ந்து அதற்குச் சிங்காரம் செய்வான். சிவப்பு வண்டியைப் பற்றிக் கேட்டால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பான். அந்த அடுத்த மாதம் வந்தபாடில்லை.

அவளாகத் தன் வண்டிக்கு வாங்கியது ஒன்றே ஒன்று. இந்த மாடலில் பழைய லாக் விரிசல் விடும், ஓட்டும்போது விட்டுப்போனால் வண்டி நடு ரோட்டில் மடங்கிவிடும் என்று சைக்கிள் கடைக்காரர் சொல்லியிருந்தார். அவள் போகிற வழியில் மேம்பாலம். இறக்கத்தில், பின்னால் லாரி வரும்போது மடங்கினால் அள்ளித்தான் எடுக்க வேண்டும். கடையில் மிச்சமிருந்த ஒரே புது லாக்கை அவள் வாங்கி மாட்டிக்கொண்டாள். கணவன் சிரித்தான். சரியான பயந்தாங்கொள்ளி என்றான்.

அந்த லாக்தான் இப்போது காணோம்.

"விடும்மா, போனாப் போகுது," என்றான் கணவன்.

எதிர் வீட்டம்மாவோடு சண்டை என்றால் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக நிற்பவன், இன்றைக்கு என்னவோ பரம சாதுவாகப் பேசினான். காலையிலேயே எதற்கு வம்பு, அக்கம்பக்கத்தில் அனுசரித்துத்தான் போகணும், இன்றைக்கு நீ பஸ்ஸில் போ, வேறு லாக்குக்கு நான் கடையில் சொல்லிவைக்கிறேன் என்றான். அவன் வண்டி, படியிறக்கத் தோதாக மடங்கி, உறைக்குள் கிளம்பத் தயாராக இருந்தது. இவ்வளவு நல்ல மனுஷனையா கட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு மனசு இளகியது.

இளகியது கொஞ்ச நேரம்தான். போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்ன, இடித்தாள். கதவு உடனே திறந்தது.

"என் வண்டி லாக்கை எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

இல்லை என்பாள், அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து வந்தவளுக்கு வாய் அடைத்தது. அடைத்த வேகத்தில் திறந்தும் கொண்டது. நீயெல்லாம் ஒரு மனுஷியா என்றாள். என் பிழைப்பில் மண்ணைப் போடத்தானே இந்த வேலை என்றாள். போலீசுக்குப் போகாமல் விடமாட்டேன் என்றாள். மூன்று மாடிக்கும் கேட்டது. எதிர் வீட்டம்மா அவ்வளவையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய், லாக்கைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

கறுப்பு லாக். அவள் வாங்கியது வெள்ளி நிறம்.

"இது என்னோடது இல்ல."

"உன் வண்டியிலதான் இருந்துது. திருப்பிப் பாரு."

திருப்பினாள். அடியில் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல்.

"நேத்து மத்தியானம் நீ தூங்கறப்போ உன் வீட்டுக்காரர் இங்க உக்காந்து நீல வண்டியிலேர்ந்து இதைக் கழட்டினார். டார்ச் அடிச்சு அடிச்சுப் பாத்தார். அப்புறம் உன்னோடதை எடுத்து அவர் வண்டியில மாட்டிட்டு, இதை உன் வண்டியில மாட்டிட்டுப் போயிட்டார். நீதான் எங்கிட்ட பேசறதில்லையே, நான் வந்து சொன்னா நம்பவா போற? நீ வண்டியில ஏறாம இருந்தாப் போதும்னு கழட்டி வெச்சேன்."

அவள் திரும்பினாள். கணவன் உறையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடுங்கி ஜிப்பை இழுத்தாள். நீல வண்டியின் நடுவில் அவளுடைய வெள்ளி லாக் இருந்தது.

எவ்வளவோ கேட்க இருந்தது. "ஏன்?" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

அவன் எதிர் வீட்டம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"புது லாக் வர்ற வரைக்கும்தான்மா. நீ ஒல்லியாத்தானே இருக்கே... தாங்கும்னு நெனச்சேன்."