மேபல் போட்ட தையல்

அந்தப் பருவத்தில் ஹால்டன் கால்பந்து அணி ஒன்பது ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றிருந்தது. கோல்கீப்பர் பெர்சியின் சட்டை சனிக்கிழமைதோறும் முழங்கையில் கிழியும். திங்கட்கிழமை அவன் மனைவி ஹில்டா அதைத் துவைக்க எடுக்கும்போது கிழிசல் தைக்கப்பட்டிருக்கும்.

"இதை யாரு தைச்சுக் குடுத்தா, பெர்சி?"

"நீதானே, கண்ணு" என்றான் கணவன்.

பக்கத்து வீட்டு நெல்லி சட்டையை வாங்கிப் பார்த்தாள். "பந்தைப் பிடிக்கத் துப்பில்ல, உம்புருஷனுக்கு இன்னொருத்தி கேக்குதா?" என்று சிரித்தவள், நூல்முனையைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். "இது தறி ஓட்டுறவங்க போடுற முடிச்சுடி. இத்தனை பொடிசா மேபல் ஒருத்திதான் போடுவா."

மேபல் பெர்சியின் முதல் மனைவி, பஞ்சாலைத் தறிக்காரி. அவள் இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. ரொட்டிக்கடைக்காரர் மகளான ஹில்டாவுக்கு அந்த முடிச்சு போட வராது.

அவளுக்குப் பயம் வரவில்லை, வயிறு எரிந்தது. தையலைப் பிரித்துவிட்டுத் தடித்த நூலால் தானே தைத்தாள். "அவனை இனிமே நான் பாத்துக்கறேன், மேபல்" என்று ஆளில்லாத சமையலறையில் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமையும் அணி தோற்றது. ஹில்டாவின் தையல் பிரியவில்லை. ஆனால் யாருடைய பூட்ஸோ பட்டு பெர்சியின் புருவம் கிழிந்திருந்தது. அவள் துணியால் கட்டிவிட்டு, காலையில் டாக்டரிடம் போகலாம் என்றாள்.

ஞாயிறு காலை கட்டை அவிழ்த்தாள். காயம் மூடியிருந்தது. வெள்ளைப் பருத்தி நூலில், பொடிப்பொடியாக ஏழு தையல்கள். பெர்சி தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.