காதில் விழாத பெயர்

மூன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் காதிலும் பள்ளி கொடுத்த செவிக்கருவி இருந்தது. ஆசிரியை மெர்சி ஒரு கேலிச் சொல்லை அதில் பதிவு செய்துவிட்டால், அது பிறகு எந்தப் பிள்ளையின் காதிலும் விழாது.

பேச்சியம்மாளை அவள் பெயரைச் சொல்லியே சீண்டினார்கள். மெர்சி அந்தப் பெயரையும் பதிவு செய்தாள். சீண்டல் நின்றது. தலைமையாசிரியர் பாராட்டினார்.

ஐந்தாம் நாள் பேச்சியம்மாள் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், நாலு நாளா எம்பேர மட்டும் ஏன் வாசிக்க மாட்டேங்கீங்க? எம்மேல கோவமா?"

மெர்சி வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரையும் தினமும் வாசித்திருந்தாள். பதில் வராதபோது, பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வருகையும் போட்டிருந்தாள். இப்போது அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எல்லோரையும் கருவியைக் கழற்றச் சொல்லிவிட்டு, "பேச்சியம்மாள்" என்று அழைத்தாள்.

"உள்ளேன் டீச்சர்!"

கடைசி பெஞ்சில் ஒருவன் சிரித்தான். சீண்டிய முதல் நாளே உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டிய அவனை நோக்கி மெர்சி நடந்தாள்.