வெளிநடப்பு

இன்னும் அரை மணி நேரம் இழுத்தால் போதும், பாமா கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று லாவண்யாவுக்கு உறுதியாகத் தெரிந்தது.

தொம்மலூர் பக்கத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் சர்வதேச உறவுகள் முதுகலைப் படிப்புக்குக் கடைசித் தேர்வு, எழுதும் தேர்வு அல்ல. இரண்டு கற்பனை நாடுகளாக எதிரெதிரே உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட வேண்டும். லாவண்யாவும் ஹரிஷ்குமாரும் கடலே இல்லாத மலைநாடு. எதிரே பாமாவும் ஸ்ரீகண்டனும் துறைமுகம் வைத்திருக்கும் கரைநாடு. துறைமுகத்தை மலைநாட்டுக்கு எத்தனை ஆண்டுக்குக் குத்தகை விடுவது என்பதுதான் பேச்சு.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கும் ஜோடிக்கு ஜெனீவாவில் ஒரு மாதப் பயிற்சி.

லாவண்யாவுக்கு அந்த ஜெனீவா வேண்டும். கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து, ஹெப்பகோடியில் இருக்கும் அவள் அப்பா சண்முகம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம்தான், "ஜெனீவா கிடைச்சா உடனே சொல்லு. ஃபேக்டரியில கேக்கறாங்க" என்று கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். ஃபேக்டரியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவரே சொல்லியிருப்பார்.

பாமா முந்தைய பேட்ச்சில் பாதியில் நின்று, இந்த ஆண்டு திரும்பி வந்தவள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். காலையில் உட்கார்ந்ததும், பத்து ஆண்டுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று கறாராகச் சொன்னாள்.

பதினொரு மணிக்கு மேல் ஆளே மாறிவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். ஃபைலை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நாற்காலியின் நுனிக்கு வந்தாள். யாரும் கேட்காமலே இருபது ஆண்டு என்றாள். சற்று நேரத்தில் இருபத்தைந்து என்றாள். பக்கத்தில் இருந்த ஸ்ரீகண்டனுக்குக் கண் பிதுங்கியது.

எதிராளி அவசரப்பட்டால் நாம் நிதானமாக வேண்டும் என்று பாடத்திலேயே உண்டு. லாவண்யா தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். முதல் பிரிவை மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசிக்கலாமே என்றாள்.

தலைமை வகித்த பேராசிரியர் நிருபமா காலையிலேயே விதியைச் சொல்லியிருந்தார். கையெழுத்து ஆகும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. ஒரு நாடு வெளிநடப்புச் செய்தால் மட்டும் கூட்டம் நிற்கும். ஆனால் வெளியே நிற்கிற ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் அந்த நாட்டுக்கு ஒரு மதிப்பெண் குறையும்.

பாமா வாயைத் திறந்தாள். முப்பது என்று சொல்லப்போகிறாள் என்று லாவண்யா நினைத்த அந்த நேரத்தில், ஹரிஷ்குமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"கரைநாட்டுக் கொடி எங்க கொடியைவிட ஒரு விரல்கடை உயரமா இருக்கு. இது எங்க மக்களுக்கு அவமானம். மலைநாடு வெளிநடப்புச் செய்யுது."

எல்லோரும் மேசைமேல் இருந்த இரண்டு காகிதக் கொடிகளையும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே உயரம்தான்.

அவன் போய்விட்டான். வேறு வழியில்லாமல் லாவண்யாவும் போனாள். அவர்களையும் முந்திக்கொண்டு பாமா படியிறங்கி ஓடினாள். சந்தோஷத்தில் ஓடுகிறாள் என்று லாவண்யாவுக்கு வயிறு எரிந்தது.

ஸ்ரீகண்டன் வராந்தாவுக்கு வந்து ஹரிஷின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கரைநாட்டில் உனக்கொரு சிலை வைக்கிறோம் குரு, கொடி உயரத்துக்கே வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, காபி குடிக்கப் போனான்.

லாவண்யா அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். ஜெயிக்கிற நேரத்தில் கழுத்தை அறுத்துவிட்டாய், உங்கள் ஸ்ரீராம்புரத்துத் தெருவிலேயே கேரம் ஆடிக்கொண்டு இருந்திருக்க வேண்டிய ஆள் நீ, உன்னோடு ஜோடி சேர்ந்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவன் ஜன்னலோரம் சாய்ந்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சுடா. தலை கெட்டுப்போச்சா உனக்கு? வா உள்ளே."

"இன்னும் கொஞ்சம் நேரம்."

"எதுக்கு?"

ஹரிஷ் வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். பிறகு குரலை இறக்கிச் சொன்னான்.

"பாமாவோட வீட்டுக்காரர் உமேஷ் ரொம்ப நேரமா கீழே மரத்தடியில நடந்துக்கிட்டு இருந்தாரு. கையில நாலு மாசக் குழந்தை. அது அழுத அழுகை நான் உக்காந்திருந்த ஜன்னல் வரைக்கும் கேட்டுது. பாமா ஃபைலை ஏன் அப்படிப் பிடிச்சிருந்தாங்கன்னு நினைக்கறே? டிரெஸ் நனைஞ்சுபோச்சு. எழுந்து கேக்கக் கூச்சம். அவங்களே வெளிநடப்புச் செஞ்சா மார்க் போயிடும்."

லாவண்யா ஜன்னல் வழியே பார்த்தாள். மரத்தடி பெஞ்சில் பாமா துப்பட்டாவை இழுத்துப் போர்த்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உமேஷ் யாரும் அந்தப் பக்கம் வராதபடி காவல் நிற்பவரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

இருபது, இருபத்தைந்து என்று ஏறியபோது தான் ரசித்துத் தண்ணீர் குடித்தது லாவண்யாவுக்கு நினைவு வந்தது.

அப்போது பேராசிரியர் நிருபமா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "இரண்டு மதிப்பெண் போயாச்சு. மலைநாடு உள்ளே வருதா, இல்லையா?"

ஹரிஷ் பதில் சொல்ல வாயெடுக்குமுன் லாவண்யா முந்திக்கொண்டாள்.

"எங்க கோபம் இன்னும் தீரலை, மேடம். இன்னொரு கால் மணி நேரமாவது ஆகும்."