வெள்ளிக்கிழமை பிரியாணி

பேகம்பேட் அலுவலக கேன்டீனில், சத்தம் அடக்கிய டிவியில், இங்கிலாந்துக் கால்பந்து மேனேஜர் ஒருவர் வேலை போன முகத்தோடு மழையில் காரேறுகிறார். இந்த சீசனில் முதலில் யார் சீட்டு கிழியும் என்று ஆபீஸ் டீமே பந்தயம் கட்டியிருந்ததில், சரியாகச் சொன்னவர் பிராஜெக்ட் மேனேஜர் ஜகதீசன் மட்டும்தான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஜெயித்தவர் பேரைச் சொல்லி வெள்ளிக்கிழமை பிரியாணி சாப்பிடுவது வருஷா வருஷம் வழக்கம். இன்று திங்கள். "வெள்ளி வரைக்கும் எதுக்கு சார்? இன்னிக்கே வரவழைச்சிடலாமே," என்கிறாள் ஹெச்.ஆர். ஹம்ஸினி, மேஜையில் சிந்தாத டீயைத் துடைத்தபடி. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தர் கண்ணும் ஜகதீசன் பக்கம் வரவில்லை. அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை மெல்லச் சட்டைப்பைக்குள் செருகுகிறார். "சரிம்மா," என்கிறார், "ரைத்தா மட்டும் கொஞ்சம் கூடச் சொல்லிடு."