குளத்தில் கிடைத்த முள்

எவர்சில்வர் தட்டில் கிடந்த அந்தத் துருப்பிடித்த தூண்டில் முள்ளைப் பார்த்ததும் மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுவா குளத்துல கிடைச்சது?"

"ஆமா மாமா. பாசியில சிக்கியிருந்துச்சு" என்றாள் மருமகள். "உங்ககிட்ட காட்டாம எதுவும் முடிவு பண்ண வேண்டாம்னு செயலாளர் சொல்லிட்டாரு."

குடியிருப்புச் சங்கத்தின் அலுவலக அறை அது. மேசைக்குப் பின்னால் செயலாளரும், அவருக்கு எதிரே மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் தோட்டக்காரர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

எல்லோரும் 'தொப்பையார்' என்று செல்லமாகக் கூப்பிடும் குடியிருப்புக் குளத்தின் பெரிய மீன் நேற்றுக் காலை செத்து மிதந்தது. வாயோரம் கிழிந்திருந்தது. யாரோ திருட்டுத்தனமாகத் தூண்டில் போட்டிருக்கிறார்கள். பொழுதன்னைக்கும் குளத்தோரம் இருப்பவர் தோட்டக்காரர் ஒருவர்தான். குற்றம் அவர் தலையில் விழுந்தால் வேலையும் போகும், பெண்டாட்டி பிள்ளைகளோடு அவர் குடியிருக்கும் பின்பக்க அறையும் போகும்.

"நான் தினம் கையால தீனி போட்டு வளர்த்த மீனுங்கய்யா. அதைப் போய் நான் கொல்லுவேனா?"

"கையால தீனி போட்டவனுக்குத்தான் அது கிட்ட வரும்" என்றார் மாமனார், அவர் பக்கம் திரும்பாமலே.

இந்த மாதிரி ஆட்களோடு ஒரே அறையில் நிற்பதே அவருக்கு ஒவ்வாது. ஆனால் பழைய தூண்டில் முட்களைப் பற்றிப் பேச அந்தக் குடியிருப்பில் வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது? அவர் வீட்டுக் கூடத்தில் பச்சைத் துணி ஒட்டிய பலகையில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்குகின்றன. எலும்பு முள், சிப்பி முள், வளைவே இல்லாமல் இரண்டு முனையும் கூராக இருக்கும் ஊசி முள். வருகிறவர்களிடம் "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பார். அவர்கள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து ரசிப்பதற்காகவே காபியும் கொடுப்பார்.

மருமகளுக்கு அதெல்லாம் தூசி தட்ட வேண்டிய சாமான்கள், அவ்வளவுதான். நேற்றுக்கூட ஒரு ஆணி காலியாக இருப்பதாக அவரிடமே வந்து சொன்னாள், அசடு. மெருகு போடக் கொடுத்திருப்பதாக அவர் சொன்னதும் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் தட்டிலிருந்த முள்ளைச் செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கினார்.

"வேலிக்கம்பியை வளைச்சு, அரத்துல தேய்ச்சிருக்கான். இதுக்குப் பேர் முள்ளு! தோட்டத்துல கிடக்கற கம்பி, தோட்டத்துல கிடக்கற ஆளு. சந்தேகமே இல்ல, எழுதிக்குங்க."

செயலாளர் பேனாவைத் திறந்தார். தோட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இது ரொம்ப உசத்தியான முள்ளு, இல்ல மாமா?" என்றாள் மருமகள்.

"எதைச் சொல்றே?"

"இதைத்தான். தொப்பையாரையே பிடிச்சிடுச்சே! நம்ம வீட்டுல தொங்குறது எதுவும் ஒரு குஞ்சு மீனைக்கூடப் பிடிச்சதில்ல."

செயலாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட, ஆமா சார்! நீங்க இத்தனை வருஷமா ஆணியில மாட்டி அழகு பார்த்தீங்க. இவன் வேலிக்கம்பியில காரியத்தை முடிச்சிட்டான். பேசாம இதையும் கொண்டுபோய் உங்க பலகையில மாட்டுங்க. நட்டநடுவுல!"

மாமனாரின் காது மடல் சிவந்தது. "தெரியாத விஷயத்துல வாயை விடாதீங்க."

"தெரியாமத்தான் கேக்கறேன் மாமா" என்றாள் மருமகள் வெகுளியாக. "அந்தப் பொம்மை முள்ளெல்லாம் நிஜமாவே மீன் பிடிக்குமா?"

"பொம்மையா?" அவர் கையிலிருந்ததைத் தட்டில் விட்டெறிந்தார். "இந்தக் கம்பியா அந்த மீனைப் பிடிக்கும்? அது ஒரு துள்ளு துள்ளினா இது நேரா நிமிர்ந்துடும், மூளையில்லாதவளே! அதைப் பிடிச்சது கொம்புல செதுக்கின வட்ட முள்ளு! நுனி உள்பக்கமாத் திரும்பியிருக்கும். வெடுக்குனு இழுக்கவே கூடாது, சும்மா பிடிச்சுக்கிட்டு உக்காரணும். மீனே போய் வாயோரத்துல மாட்டிக்கும். அவ்வளவு கனத்தைத் தாங்கிச்சே, அந்தக் கொம்பு வளைஞ்சுதா? நுனியில ஒரு கீறலாவது விழுந்துதா? பொம்மையாம் பொம்மை!"

பேனா நின்றது. தோட்டக்காரர் மெதுவாகத் தலை நிமிர்ந்தார்.

"கொம்பா சார்?" என்றார் செயலாளர்.

"அது... வாயோரம் கிழிஞ்சிருந்ததே... அதை வெச்சுத்தான்..."

"அதை வெச்சு வட்ட முள்ளுன்னு சொல்லலாம். கொம்புன்னு எப்படிச் சொன்னீங்க? நுனியில கீறல் விழலைன்னு எப்படிச் சொன்னீங்க?"

மாமனாருக்கு வேர்த்தது. தட்டிலிருந்த முள்ளை மறுபடியும் பாய்ந்து எடுத்து, எல்லோர் முகத்துக்கு நேராகவும் ஆட்டினார்.

"அப்ப இது என்ன? குளத்துல கிடைச்சுதே, இதுக்கு என்ன பதில்? இந்த முள்ளைப் போட்டது யாரு?"

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான்தான் மாமா. குளத்துக்கு இல்ல, உங்களுக்கு."