முதலில் காற்று தீர்ந்தவர்

"இதோ பாரு உந்தாரி, கடலுக்கடியில யாருக்கு முதல்ல சிலிண்டர்ல காத்து தீருதோ, அவங்க சாயங்காலம் படகுத்துறையில ஊரே பார்க்க ஆடணும். உன் ஆட்டத்தைப் பார்க்கத்தான் சுரபாயாவிலேருந்து வந்திருக்கோம்!"

பாக்யோ சொல்ல, படகிலிருந்த நண்பர்கள் கைதட்டினார்கள்.

உந்தாரி ஆழ்கடலுக்குப் புதுசு. பயத்தில் இப்போதே மூச்சு வாங்கியது. படகோட்டும் ஓர்ப்பாவின் காதோரம் போய், "அக்கா, ஊருக்கு முன்னாடி என்னால ஆட முடியாது. ஆட வெச்சாங்கன்னா நாளைக்கு நான் இறங்கவே மாட்டேன்" என்றாள்.

"அட, நீ ஏன் தோக்கப்போறே? எங்க வீட்டுக்காரர் உன் பக்கத்துலேயே வருவாரு. தைரியமா போ."

ஓர்ப்பாவின் வீட்டுக்காரர் மார்த்தேன்தான் வழிகாட்டி. நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகின மனுஷன்.

ஆனால் இறங்கின எல்லாரும் சீக்கிரமே மேலே வந்துவிட்டார்கள்.

"என்னாச்சு?" ஓர்ப்பா பதறினாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்குக் காத்து தீர்ந்துபோச்சு!" பாக்யோ விழுந்து விழுந்து சிரித்தான். "காத்து அளவு காட்டுற தன் மீட்டர் முள்ளைத் தட்டிக் காட்டி, மேலே போலாம்னு சைகை பண்ணிட்டாரு!"

மார்த்தேன் அசட்டுச் சிரிப்போடு தலையைச் சொறிந்தார்.

"அக்கா! எம்மாம் பெரிய ஆனைத்திருக்கை மீன்! என் தலைக்கு மேலேயே போச்சு! முள்ளைப் பார்க்கவே மறந்துட்டேன்!" உந்தாரி குதித்த குதியில் படகே ஆடியது.

சாயங்காலம் முரசு முழங்க, மார்த்தேன் இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடினார். உந்தாரிதான் எல்லாரையும்விட பலமாகக் கைதட்டினாள்.

ஓர்ப்பாவுக்கு மானமே போனது.

"பட்டணத்து ஆளுங்ககிட்ட தோத்துட்டு ஆட்டம் வேற! வெட்கங்கெட்ட மனுஷன்!"

முணுமுணுத்தபடி, மறுநாளுக்குக் காற்று நிரப்பக் கொட்டகைக்குப் போனாள்.

உந்தாரியின் மஞ்சள் சிலிண்டரைக் காற்றடிக்கும் இயந்திரத்தில் மாட்டினாள். முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. அடிப் பாவி, மயிரிழையில் தப்பிச்சிருக்கே!

அடுத்து மார்த்தேனின் சிலிண்டர்.

முள் விர்ரென்று ஏறியது. பாதிக்கு மேல் காற்று இருந்தது.

கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை.

ஓர்ப்பா படகுத்துறைக்கு ஓடிவந்தாள்.

"ஏய் பாக்யோ! நாளைக்கும் பந்தயம் உண்டுதானே?"

"உண்டு அக்கா! உந்தாரிதான் முதல் ஆளா இறங்கப்போறாளாம்!"

"அப்போ முரசுக்காரங்களை நாளைக்கும் வரச் சொல்லு. நாளைக்கும் என் வீட்டுக்காரர்தான் தோப்பாரு... கூட நானும் ஆடுவேன்!"